நாட்டைப் பிரிப்பது மொழியா?

தேசிய ஒருமைப்பாடு என்பது பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் ஆண்டு தவறாமல் இடம்பெறும் தலைப்பு. மேடை ஏறும் மாணவி, குமரி முதல் இமயம் வரை என்று தொடங்கி, வேற்றுமையில் ஒற்றுமை என்று முடித்தால் கைதட்டலுக்குக் குறைவிராது. எங்கள் கிளியூரின் பெயரில் கிளி இருக்கிறது என்பதற்காக, சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளைகளாக நாங்கள் இருந்துவிடலாமா? அந்தக் கைதட்டலுக்குள்ளே சில கேள்விகள் புதைந்து கிடக்கின்றன. இத்தனை மொழிகள் பேசும் மக்கள் உண்மையிலேயே ஒரு நாட்டினராக வாழ முடியுமா? மொழி பலவானால் மனமும் பலவாகிவிடாதா? எல்லாருக்கும் ஒரே மொழி என்று வைத்துவிட்டால் நாடு வலுப்பெறாதா?

பெரியவர்கள் பலர் இப்படிக் கேட்பதுண்டு. இந்நாட்டில் இனி நெடுங்காலம் வாழப்போகிறவர்கள் நாங்கள். ஆதலின் எங்கள் கருத்தையும் இம்மலரில் சொல்ல விரும்புகிறோம். மொழிகளின் எண்ணிக்கையால் எந்த நாடும் பிரிந்ததில்லை. ஒரு மொழியை நடுவீட்டில் அமர்த்தி, மற்றவற்றைத் திண்ணையில் நிறுத்தி வைத்த நாடுகளே பிரிந்தன, அல்லது பிரியும் தறுவாய்க்குச் சென்றன. இதுவே எங்கள் கருத்து.

நெடுந்தூரம் போக வேண்டா. எங்கள் மலையையே முதலில் பார்ப்போம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருபவர், கடைவீதியில் சற்று நின்றால் பல மொழிகள் காதில் விழும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்துக்காகச் சிலர், வாணிபத்துக்காகச் சிலர், பள்ளிகளுக்காகச் சிலர் என்று பல நாட்டவரும் பல மொழியினரும் வந்து சேர்ந்தனர். இவர்கள் எல்லாரும் வருமுன்னரே இங்கு வாழ்ந்தவர்கள் மலையாளி மக்கள்.

இந்தப் பெயரைக் கேட்டுத் தடுமாறாதவர் குறைவு. "மலையாளியா? கேரளத்தில் எந்த ஊர்?" என்று புதிதாக வரும் மாணவியர் கேட்பதுண்டு. ஆனால் சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவரின் வழிவந்தோர் தாங்கள் என்றும், அம்மூவரின் மக்களே சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் பரவினர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மலையுச்சியில் உள்ள சேர்வராயன் கோயிலில் ஆண்டுதோறும் மே மாதம் அவர்கள் எடுக்கும் திருவிழாவைக் காண மலையே திரண்டுவிடும்.

எங்கள் வகுப்பில் கேரளத்து மலையாளியும் இம்மலையின் மலையாளியும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கின்றனர். பெயர் ஒன்று, மொழி வேறு. இவளுக்குப் பின்னால் இருப்பவள் சேலத்துப் பெண். இவளும் அவளும் பேசுவது ஒரே மொழி. வளர்ந்த வாழ்க்கை வேறு. மலையாளி மகள் தன் குலத்தால் மலையாளி, மொழியால் தமிழச்சி, நாட்டால் இந்தியப் பெண். இம்மூன்றில் எதையும் விட்டால்தான் மற்றது கிடைக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றுதான் சிக்கல் தொடங்கியிருக்கும்.

நம் நாட்டின் வரலாற்றிலும் சிக்கல் இப்படித்தான் தொடங்கியது. சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தி, அந்நகரசபையின் தலைவராகவும் விளங்கிய இராஜாஜி, 1937-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். 1938-இல் அவரது அரசு உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கியது. நாட்டு ஒற்றுமைக்கு அது உதவும் என்பது அவர் எண்ணம். தமிழ்நாடோ கொதித்தெழுந்தது. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டுக்கு மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். அதனையடுத்து மறியல் செய்து சிறை சென்ற பெண்களுள் கைக்குழந்தையோடு சென்ற தாய்மாரும் உண்டு. 1939-இல் நடராசன், தாளமுத்து என்னும் இருவர் சிறைப்பட்ட நிலையில் உயிர் துறந்தனர். 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பை எழுதியவர்கள் இக்கேள்வியில் நெடுநாள் வாதிட்டனர். முடிவில் எந்த மொழியையும் அவர்கள் தேசிய மொழி என்று குறிப்பிடவில்லை. இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி. ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்று வகுத்தனர். அந்தக் கெடு 1965 ஜனவரி 26-இல் முடிந்தது. அதை ஒட்டித் தமிழகத்து மாணவர் வீதிக்கு வந்தனர். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். தீக்குளித்து மாண்டவரும் உண்டு. மத்திய அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. இந்தி பேசாத மாநிலங்கள் தாமாக ஒப்பும் வரை ஆங்கிலமும் உடன் இருக்கும் என்று எழுதப்பட்டது. 1938-இல் கட்டாயமாக்கிய அதே இராஜாஜி, 1950-களின் இறுதியில் இந்தியை மட்டும் ஆட்சிமொழியாக்குவதை வன்மையாக எதிர்த்தார் என்பதையும் தோழியர் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு போராட்டம் நடந்த தமிழ்நாடு இந்தியாவைவிட்டுப் பிரிந்து போயிற்றா? இல்லை. தனி நாடு கேட்ட கட்சியே 1963-இல் அக்கோரிக்கையைக் கைவிட்டு, 1967-இல் தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தது. 1969 ஜனவரி 14-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரைப் பெற்றது. தன் மொழிக்கு இடம் கிடைத்ததும் தமிழன் தன்னை இந்தியன் என்று சொல்லத் தயங்கவில்லை. மொழிவழி மாநிலங்களின் கதையும் இதுவே. மொழி வாரியாகப் பிரித்தால் நாடு சிதறும் என்று தலைவர்கள் சிலர் அஞ்சினர். ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உயிர் நீத்தார். 1953-இல் ஆந்திரம் பிறந்தது; 1956 நவம்பர் 1-இல் மற்ற மாநிலங்களும் மொழியை ஒட்டி அமைந்தன. நாடு சிதறவில்லை, மக்களுக்குத் தம் மொழியிலேயே ஆட்சி நடத்தும் வாய்ப்பு வந்தது.

இதற்கு மாறான வழியில் சென்ற அண்டை வீடுகள் இரண்டு. இலங்கை 1948-இல் விடுதலை பெற்றது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றிற்று. தமிழ் பேசும் எழுத்தருக்கு அலுவலகத்தில் முன்னேற வழியடைந்தது. தமிழ்த் தாய் தன் மொழியில் ஒரு விண்ணப்பம் எழுதவும் இடமில்லை என்று ஆயிற்று. 1958-இல் தமிழுக்குச் சில சலுகைகள் சட்டத்தில் எழுதப்பட்டன. ஆனால் கலவரமும் அவ்வாண்டே மூண்டது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையானது. 1983 ஜூலையில் நிகழ்ந்த கொடுமைகளை எழுதக் கை நடுங்கும். தமிழும் ஆட்சிமொழி என்று 1987-இல் அரசியலமைப்பில் சேர்த்தபோது போர் மூண்டு நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அது 2009 மே மாதம்தான் ஓய்ந்தது. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்னரே கொடுத்திருக்க வேண்டிய ஒரு வரி அது.

மற்றொன்று பாகிஸ்தான். உருதுவே நாட்டின் மொழி என்று ஆட்சியாளர் அறிவித்தனர். ஆனால் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வங்காளிகள். 1952 பிப்ரவரி 21-இல் டாக்கா நகரில் வங்க மொழிக்காக ஊர்வலம் சென்ற மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1971-இல் பாகிஸ்தான் இரண்டாகி வங்கதேசம் பிறந்தது. மதம் ஒன்றாக இருந்தும் அந்நாடு நிலைக்கவில்லை. அந்தப் பிப்ரவரி 21-ஐத்தான் யுனெஸ்கோ நிறுவனம் 1999-இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

ஆசிய நாடுகளுக்கே உரிய நோய் இது என்று எண்ணிவிடலாகாது. செல்வத்திலும் கல்வியிலும் சிறந்த ஐரோப்பாவிலும் இதே பாடம் படிக்கக் கிடைக்கிறது. பெல்ஜியம் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்கு பரப்பளவுகூட இல்லாத சிறிய நாடு. வடக்கே டச்சு மொழி பேசும் பிளெமிஷ் மக்கள். தெற்கே பிரெஞ்சு பேசும் வல்லோனியர். கிழக்கோரம் ஜெர்மன் பேசும் சிறு கூட்டத்தார். 1830-இல் நாடு பிறந்தபோது ஆட்சி, நீதிமன்றம், உயர்கல்வி எல்லாம் பிரெஞ்சில்தான். எண்ணிக்கையில் மிகுந்த பிளெமிஷ் மக்களின் மொழி குடியானவர் பேச்சு என்று இகழப்பட்டது. 1898-இல்தான் சட்டங்களில் டச்சுக்குச் சம இடம் கிடைத்தது. அதற்குள் புண் ஆழமாகிவிட்டது.

அந்தப் புண் 1968-இல் கல்விக்கூடத்திலேயே வெடித்தது. லூவேன் நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் பல நூற்றாண்டுப் புகழ் வாய்ந்தது. பிளெமிஷ் மண்ணில் இருந்த அது மொழியால் இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சுப் பிரிவினருக்கென்று மொழி எல்லைக்கு அப்பால் ஒரு புதிய ஊரே கட்டப்பட்டது. நூலகத்தின் நூல்களையும் பங்கிட்டனர். நூற்றாண்டுகளாக அருகருகே நின்ற நூல்கள், சண்டையிட்டுக்கொண்ட குடும்பத்தின் பாத்திரங்கள்போல் இரண்டு வீடுகளுக்குப் போயின. அதன் பின்னர் அந்நாடு தன் அரசியலமைப்பைப் பலமுறை திருத்தி, 1993-இல் கூட்டாட்சி நாடாயிற்று. ஆயினும் 2010-இல் நடந்த தேர்தலுக்குப் பின் புதிய அரசு அமைக்க 541 நாட்கள் ஆயின. இவ்வளவும் நடந்தும் பெல்ஜியம் உடையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலந்தாழ்ந்தேனும் ஒவ்வொரு மொழியினருக்கும் உரிய இடம் கொடுத்ததே அதற்குக் காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

அதற்குச் சற்றுத் தெற்கே சுவிட்சர்லாந்து இருக்கிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி, ரோமான்ஷ் என்று அங்கு நான்கு தேசிய மொழிகள். ரோமான்ஷ் பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். எனினும் 1938-இல் மக்கள் வாக்களித்து அதனையும் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்றனர். அக்கம்பக்கத்தில் ஹிட்லரும் முசோலினியும் ஒரே இனம், ஒரே மொழி என்று முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த முழக்கத்துக்கு நடுவே, மலைக்கிராமங்களில் வாழும் ஒரு சிறு கூட்டத்தாரின் மொழியையும் தன் மொழி என்று ஒரு நாடு ஏற்றது எத்துணைத் துணிவு! 1938 என்பது நம் மாகாணத்தில் ஒரு மொழியைக் கட்டாயமாக்கிய ஆண்டும் ஆகும். ஒரே ஆண்டில் இரு நாடுகள் எழுதிய இரண்டு பாடங்கள்.

தாய்மொழிப் பற்று பிறமொழி வெறுப்பாகிவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒருவரைக் காட்ட விரும்புகிறோம். காமில் புல்கே அடிகளார் 1909-இல் பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியில் பிறந்தவர். லூவேனில் மாணவராக இருந்தபோது தம் தாய்மொழிக்காகப் பாடுபட்டவர். இயேசு சபைத் துறவியாக 1935-இல் இந்தியா வந்தார். வடநாட்டில் படித்தவர்கள் தம் மொழியைவிட்டு ஆங்கிலத்தில் பேசிப் பெருமை கொள்வதைக் கண்டு வருந்தினார். இந்தியைக் கற்றுப் பேரறிஞரானார். இராமகாதையின் வரலாற்றை ஆராய்ந்து இந்தியிலேயே எழுதி அலகாபாத் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆங்கில–இந்தி அகராதி ஒன்றும் தொகுத்தார். இந்தியக் குடிமகனானார், 1974-இல் பத்மபூஷண் விருது பெற்றார். தன் தாயை மதித்தவர் பிறர் தாயையும் மதித்தார். இந்தி மொழியின்மேல் நமக்குப் பகை இல்லை என்பதற்கும் இவரே சான்று. கட்டாயத்தால் நம்மிடம் வர முடியாத மொழி, அன்பினால் ஒரு பெல்ஜியரைத் தன் மகனாக்கிக்கொண்டது.

நம் திருச்சபையும் இதே பாடத்தைக் கற்றது. உலகெங்கும் திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்த காலம் ஒன்று உண்டு. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிகளுக்கு வழி திறந்தது. ஒரே மொழி போனால் ஒருமை போய்விடும் என்று அன்று கவலைப்பட்டோரும் இருந்தனர். ஆனால் புரியாமல் முழந்தாளிட்டிருந்த பாட்டிமார் புரிந்து மறுமொழி கூறலாயினர். அதனால் எந்த ஒருமையும் குலைந்துவிடவில்லை.

சரி, ஒரு பொது மொழி இல்லாமல் இவ்வளவு பெரிய நாட்டை எப்படி ஆள்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மொழிபெயர்ப்புக்குச் செலவாகும், நேரமும் ஆகும். ஆனால் கையில் உள்ள பத்து ரூபாய் நோட்டைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். இந்தியும் ஆங்கிலமும் அன்றி, வேறு 15 மொழிகளில் அதன் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கிறது. தமிழிலும் பத்து ரூபாய் என்று இருக்கிறது. 17 மொழிகளில் எழுதியதால் அந்த நோட்டின் மதிப்பு ஒரு காசும் குறையவில்லை. காஷ்மீரத்தில் கொடுத்தாலும் கன்னியாகுமரியில் கொடுத்தாலும் அது செல்லும். ஒரு நோட்டில் முடிந்தது ஒரு நாட்டில் முடியாதா? அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் முதலில் 14 மொழிகளே இருந்தன. இப்போது 22 உள்ளன. பழங்குடியினர் மொழியான சந்தாலியும் 2003-இல் இடம்பெற்ற திருத்தத்தால் அதில் சேர்ந்தது. பட்டியல் நீள நீள நாடு குறுகிவிடவில்லை.

2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மும்மொழிப் பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. தமிழ்நாடு 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றி வருகிறது. கூடுதலாக ஒரு மொழி கற்பது நன்றா என்று கேட்டால், நன்று என்போம். யாருடைய மொழியை, யார், எவர் சொல்லி, எதற்காகக் கற்பது என்பதே வினா. தெற்கே உள்ள மாணவி வடக்கின் மொழியைக் கற்க வேண்டும் என்போர், வடக்கே உள்ள மாணவி தமிழோ தெலுங்கோ கற்க ஏற்பாடு செய்திருக்கின்றனரா? இரு பக்கமும் நடக்கும் பாதையே பாதை.

ஆனால் தோழியரே, இவ்வளவு நேரம் தில்லியையும் கொழும்பையும் நோக்கி விரல் நீட்டினோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நமக்கு வந்தபோது தெரிந்தது. பிறர்க்கு வரும்போதும் தெரிய வேண்டுமன்றோ? தமிழ்நாட்டிலும் சிறிய மொழிகள் உண்டு. நீலகிரியில் தோடர், கோத்தர், படுகர் மொழிகள் உண்டு. சேலத்து நெசவாளர் தெருக்களில் சௌராஷ்டிர மொழியும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கின்றன. நாம் கேட்டு வாங்கிய மதிப்பை இவற்றுக்கும் நாம் தர வேண்டும்.

மலையாளி மக்களின் தமிழைக் கேட்டுத் தரைநாட்டார் சிலர் பேருந்திலும் கடையிலும் நகைப்பதைக் காண்கிறோம். தரையில் வழங்கும் தமிழிலிருந்து ஒலியிலும் சொல்லிலும் சற்று வேறுபட்ட தமிழ் அது. மரம், செடி, மழை, விலங்கு இவற்றைக் குறிக்க அவர்களிடம் உள்ள சொற்கள் பல நம் பாடநூலில் இல்லாதவை. ஒரு பாட்டியின் பேச்சைக் கேட்டு நகைத்தால், அவள் பேத்தி பள்ளியில் வாய் திறக்க அஞ்சுவாள். வாய் திறக்க அஞ்சும் குழந்தை விரைவில் பள்ளிக்கு வரவே அஞ்சும். பெல்ஜியத்தில் குடியானவர் பேச்சு என்று இகழ்ந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இன்னொன்று. ஊர் பெயர் வேண்டா. ஆங்கில வழிப் பள்ளிகள் சிலவற்றில் தமிழில் பேசினால் அபராதம் என்னும் விதி இருந்ததாகவும் இன்னும் இருப்பதாகவும் உறவுப் பெண்கள் சொல்லக் கேட்கிறோம். ஆங்கிலம் நமக்கு உலகத்தைத் திறக்கும் சாவி. அதனை நன்றாகக் கற்போம். ஆனால் தாய்மொழியில் பேசியதற்காக ஒரு குழந்தை தண்டம் கட்டினால், தன் வீடே குற்றம் என்றல்லவா அது கற்றுக்கொள்ளும்? தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006-இல் வந்தது. சட்டம் பாடவேளையைத் தரும். மதிப்பை நாம்தான் தரவேண்டும்.

இம்மலையின் காப்பித் தோட்டத்தைப் பார்த்தவர்க்கு ஒன்று தெரியும். காப்பிச் செடி தனியே வெயிலில் வாடும், நிழல் வேண்டும். அதற்காகச் சில்வர் ஓக் மரங்களை வைக்கின்றனர். அந்த மரத்தில் மிளகுக் கொடியைப் படரவிடுகின்றனர். காப்பியும் சில்வர் ஓக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. மிளகு நம் மண்ணினது. மூன்றும் ஒரே மண்ணில் வேர் விட்டு ஒன்றுக்கொன்று உதவுகின்றன. மிளகைக் காப்பியாக மாறச் சொல்லும் தோட்டக்காரரை நாங்கள் கண்டதில்லை.

ஆதலின் எங்கள் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு மாணவியும் தன் தோழியின் வீட்டு மொழியில் பத்துச் சொற்களாவது இவ்வாண்டு கற்கட்டும். மாதம் ஒரு நாள் காலை வழிபாட்டில் நம்மிடையே பேசப்படும் மொழி ஒன்றில் செபம் ஒலிக்கட்டும். மலையாளிப் பாட்டிமாரிடம் அவர்கள் கதைகளையும் சொற்களையும் கேட்டு எழுதி, அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். பேச்சுப் போட்டியில் வேற்றுமையில் ஒற்றுமை என்று முழங்குமுன், பக்கத்துப் பெஞ்சில் இருப்பவள் வீட்டில் அம்மாவை எப்படி அழைக்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். இந்த நாட்டில் தன் மொழிக்கும் ஓர் இருக்கை உண்டு என்று அறிந்த பெண், இந்த நாட்டைவிட்டு எழுந்து போக நினைக்கமாட்டாள்.